மூன்று மணி முதல் ஏழு மணி வரை

சீனியம்மாளின் இடது காலில், முழங்காலுக்குக் கீழே நரம்புகள் சுண்டுவிரல் கனத்துக்குச் சுருண்டிருக்கும். பதினெட்டு வருடம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசை முன்னால் நின்றதில் வந்தது. தைத்து வரும் உருப்படியைப் புரட்டிப் புரட்டி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்கும் வேலை. அவள் இருந்த இடங்களில் அதற்கு நாற்காலி போடவில்லை. போன தை மாதம் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, இனியும் நின்றால் கணுக்காலில் புண் வைக்கும், வைத்தால் லேசில் ஆறாது என்று சொல்லிவிட்டார்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூர் வந்தவள். கணவன் பெரியகருப்பன் காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் பண்டல் ஏற்றி இறக்குகிறவர். வேலை இருக்கிற நாளில் காசு, இல்லாத நாளில் இல்லை. லைன் வீட்டு வாடகை நாலாயிரத்து ஐந்நூறை மாதாமாதம் தவறாமல் கட்டிவந்தது சீனியம்மாளின் சம்பளம்தான்.

படுக்கையில் கிடப்பவர்களையும் கைக்குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து முப்பது வருடம் அந்த வேலை செய்தவள் நான். இப்போது முதுகு வளையாது. ஆனாலும் ஆள் கேட்டு வீடுகளிலிருந்து எனக்குத்தான் போன் வரும். திருப்பூர் ராயபுரத்தில் சாரதாமணி அம்மாள் கேட்டபோது சீனியம்மாளை அனுப்பினேன். அவர் மகன் சிவபிரகாஷ் வாடகை ஷெட்டில் நாற்பது மிஷின் வைத்து ஏற்றுமதிக்குத் தைக்கிறவர். மருமகள் சுபஸ்ரீ பையர்களோடு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களோடு, பேசுகிற வேலையைப் பார்க்கிறாள். ஐரோப்பாக்காரர்கள் ஆபீஸுக்கு வருவது நம் ஊர் மத்தியானத்துக்கு மேல்தான். மூன்று மணிக்கு மெயிலும் போனும் தொடங்கினால் ஏழு மணி வரை ஓயாது. அந்த நாலு மணி நேரம் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் மாமியார் பார்த்துக்கொள்வார், நாள் முழுக்கக் குழந்தையின் பின்னால் ஓட அவரால் முடியாது.

உட்கார்ந்து, நடந்து, படுத்து எழுந்து செய்யும் வேலை. காலுக்கு ஏற்ற வேலை. நான் அத்தோடு விட்டுவிட்டேன். சம்பளம் எப்படிப் பேசினாய் என்று அவளிடம் கேட்கவில்லை. அது என் பிசகு.

சம்பளத்தைச் சொன்னது சீனியம்மாளேதான். எவ்வளவு வேணும் என்று அவர்கள் கேட்டதற்கு, யோசிக்காமல், "செக்கிங்குக்கு ஷிப்டுக்கு நானூத்தி எம்பது வாங்குனேன். நாலு மணி நேரம்னா அர ஷிப்டு. எரநூத்தி நாப்பது குடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர்களும் கம்பெனி நடத்துகிறவர்கள். அந்தக் கணக்கு அவர்களுக்கு உடனே பிடிபட்டது. அவள் பெயரைக் கம்பெனியின் வருகை ஷீட்டிலேயே எழுதிவிட்டார்கள். ஷிப்டுக்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. துணி வந்தால் ஷிப்டு, துணி வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம், கூலி இல்லை. பனியனுக்கு நடப்பது பிள்ளைக்கும் நடக்கும் என்பது இரண்டு பக்கத்துக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஐந்தாவது மாதம் உறைத்தது. சுபஸ்ரீ குழந்தையோடு குண்டடத்தில் அம்மா வீட்டுக்குப் போவதாகவும், பதினோரு நாள் ஷிப்டு இல்லை என்றும் சொன்னார்கள். மாதத்தின் இருபத்தாறு அரை ஷிப்டில் பதினொன்று போனால் கைக்கு வருவது மூவாயிரத்து அறுநூறு. வாடகைக்கே பற்றாது. சீனியம்மாள் மறுநாள் காலையிலேயே பழைய கம்பெனிக்குப் போய் மேசை முன்னால் நின்றுவிட்டாள். ஊர்க்காரன் முனீஸ் அங்கே சூப்பர்வைசர். சேர்த்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்குச் சுபஸ்ரீயின் போன் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல், பாதியில் திரும்பி வந்துவிட்டோம், மூன்று மணிக்கு வந்துவிடுங்கள் என்றாள். நடு ஷிப்டில் இறங்கினால் மறுநாள் உள்ளே விடமாட்டேன் என்று முனீஸ் முன்பே சொல்லியிருந்தான். சீனியம்மாள் வர முடியாது என்று சொன்னாள். அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது. "சரிங்க்கா, சொன்ன தேதிக்கே வாங்க" என்று சுபஸ்ரீ வைத்துவிட்டாள். அன்று மடியில் குழந்தையோடு உட்கார்ந்து ஒரு பையரிடம் பேசப்போய், அவன் எரிச்சலில் பாதியில் போனை வைத்தானாம்.

பத்தாம் நாள் சீனியம்மாள் என் வீட்டுக்கு வந்து சேலையைத் தூக்கிக் காலைக் காட்டினாள். கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் நீர் கசிந்தது. கழுவிக் கட்டுப் போட்டேன்.

"முனீஸு திங்கக்கிழம எட்டரைக்கு வரச் சொல்லிட்டான்க்கா. வந்தா பர்மனென்ட்டு, வரலேன்னா வேற ஆளப் போட்டுருவானாம். அந்தம்மா வேற ஞாயித்துக்கெழம பேசணும்னு கூப்புட்டிருக்காக. நிறுத்தப் போறாக போல."

"பர்மனென்ட்டாப் போனா இந்தக் கால் எத்தன மாசம் தாங்கும்னு நெனைக்கற?"

"அதத்தான ஒங்ககிட்டக் கேக்க வந்தேன்."

"தீபாவளி தாண்டாது" என்றேன். அவள் கட்டின் மேல் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

ஞாயிறு பதினோரு மணிக்கு இருவரும் போனோம். ஆளை அனுப்பியவள் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். காபி கொடுத்தார்கள். சாரதாமணி அம்மாள் சோபாவில், மகனும் மருமகளும் எதிரே. குழந்தை நேராக வந்து சீனியம்மாளின் மடியில் ஏறிக்கொண்டது. சாரதாமணி அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"ஏனம்மிணி, பாப்பாளுக்குக் காச்ச அடிக்குது, வான்னு கூப்புட்டா வர முடியாதுன்னு சொல்லிப் போட்டியே. நாங்க என்ன கொறை வெச்சோமுங்க?"

கோபத்தில் நீ-யும் ங்க-வும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன.

"ஒரு கொறையும் இல்லம்மா. நீங்க ஷிப்டு இல்லேன்னீக. நான் ஷிப்டு இருக்கிற எடத்துக்குப் போனேன்."

"அதுக்குன்னு பச்சப் புள்ள..."

"பச்சப் புள்ளன்னு பாத்தா பதினோரு நாளும் கூலி குடுத்திருக்கணும்லம்மா."

இதோடு வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். சிவபிரகாஷ் செருமிக்கொண்டார்.

"ஏனுங்க்கா, ஷிப்டுக் கணக்குச் சொன்னதே நீங்கதானுங்களே. நாங்களா சொன்னம்?"

"நான்தேன் சொன்னேன் தம்பி. தெரியாமச் சொல்லிட்டேன். பதினெட்டு வருசமா எனக்கு வேற கணக்குத் தெரியாது."

"இப்ப என்ன கணக்குங்க?"

சீனியம்மாள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "ஒங்க ஷெட்டு வாடகதான தம்பி? ஆர்டர் இல்லாத மாசம் ஷெட்டுக்காரருக்கு வாடக குடுக்காம இருக்கீகளா?"

"அதெப்படிங்க. பூட்டிக் கெடந்தாலும் குடுத்துத்தான் ஆகோணும்."

"மூணு மணியிலேருந்து ஏழு மணி வரைக்கும் ஒங்களுக்குன்னு நான் பூட்டி வச்சிருக்கேன். வேற யாருக்கும் விட முடியாது. நீங்க ஊருக்குப் போனாலும் அது ஒங்களுதுதேன்."

"ஷெட்டுக்காரரு ஒரு நாளும் லீவு போடறதில்லீங்களே" என்றார் சிவபிரகாஷ். சுபஸ்ரீ வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நான் லீவு போட்டாப் பிடிச்சுக்கங்க. நீங்க லீவு விட்டாப் பிடிக்காதீக."

சாரதாமணி அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் பேசப் பழக்கி உட்டிருக்கறீங்க சிஸ்டரம்மா."

"நான் பழக்கியிருந்தா முதல் நாளே இதைப் பேசியிருப்பாங்க. உங்க நேரமும் மிஞ்சியிருக்கும்" என்றேன்.

அம்மாவும் மகனும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். சிவபிரகாஷ் வியாபாரி. கையோடு ஒரு விலை கொண்டுவந்தார். அரை ஷிப்டுக்கு முந்நூறு. இருபத்தாறு நாள் வந்தால் ஏழாயிரத்து எண்ணூறு, இப்போது வாங்குவதைவிட ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கூடுதல். ஆனால் வந்த நாளுக்குத்தான்.

சீனியம்மாள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். கணக்குப் பார்க்க விரலை மடக்கவில்லை. ஏழாயிரத்து எண்ணூறு அந்த வீட்டில் பெரிய காசு. பெரியகருப்பன் கேட்டால் வாங்கிக்கொள் என்றுதான் சொல்வார். வாங்கினால், அடுத்த முறை இவர்கள் ஊருக்குப் போகும்போது அவள் திரும்ப மேசை முன்னால் நிற்க வேண்டும். இந்தக் கால் இன்னொரு பதினோரு நாளைத் தாங்காது. அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்பதுதான் என் கவலை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அது அவளுடைய கூலி.

"ஏழாயிரம் குடுங்க. மாசத்துக்கு" என்றாள்.

சிவபிரகாஷுக்குப் புரியவில்லை. "நான் சொன்னது அதவிட ஜாஸ்திங்க்கா."

"தெரியும் தம்பி. நீங்க இருந்தாலும் ஏழாயிரம், குண்டடம் போனாலும் ஏழாயிரம். மாசம் ரெண்டு நா எனக்கு லீவு. அதுக்கு மேல போட்டாப் பிடிங்க. ஏழு மணிக்கு மேல இருக்கச் சொன்னா மணிக்கு எம்பது. தீவாளிக்கு ஒரு மாசச் சம்பளம்."

"வந்து ஆறு மாசம் ஆகலீங்க, தீவாளிக்கு முழு மாசமா?" என்றார் சாரதாமணி அம்மாள்.

"இந்த வருசம் அரை மாசம். அடுத்த வருசம் முழுசு."

"ஒரு மாசம் முச்சூடும் நாங்க இல்லீனாலும்?"

"குடுக்கணும்மா. இல்லேன்னா இப்பவே சொல்லிருங்க. நாளைக்கு எட்டரைக்கு நான் வேற எடத்துல நிக்கணும்." சொல்லிவிட்டுக் குழந்தையை இறக்கிவிட்டாள். குழந்தை சிணுங்கியது. அவள் தூக்கவில்லை.

பதில் சொன்னவள் சுபஸ்ரீ. "அத்தை, நாளைக்கு மூணு மணிக்கு எனக்குப் பையரோட போன் இருக்குதுங்க. போன வாரம் மாதிரி இன்னொருக்கா ஆனா அந்த ஆர்டர் நமக்கில்லீங்க." பிறகு சீனியம்மாளைப் பார்த்து, "சரிங்க்கா. ஏழாயிரம்" என்றாள்.

"வாயில வேணாம்மா. எழுதிக் குடுங்க."

எழுத்தில் வராத எதையும் ஆர்டர் என்று எடுத்துக்கொள்ளாத தொழில் சுபஸ்ரீயுடையது. அவளுக்கு அது தப்பாகப் படவில்லை. அங்கேயே போனில் ஒவ்வொன்றாகத் தட்டிச் சிவபிரகாஷுக்கும் எங்கள் இருவருக்கும் அனுப்பினாள். சாரதாமணி அம்மாள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே சீனியம்மாள் முனீஸிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அவன் கோபப்பட்டு, இனி இந்தப் பக்கமே வராதே என்றானாம். ஆக, திரும்பிப் போக இடம் இல்லை.

அடுத்த மாதம் அந்த வீட்டார் உறவில் ஒரு கல்யாணத்துக்கு எட்டு நாள் வெளியூர் போனார்கள். சீனியம்மாள் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். புண் வாய் மூடத் தொடங்கியது. ஒன்றாம் தேதி காலையில் போனில் பணம் வந்த செய்தி. நாலாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.

எனக்குக் கூப்பிட்டாள். குரல் சரியில்லை. "எட்டு நாளப் பிடிச்சுட்டாகக்கா. இப்ப எங்கிட்டுப் போக?"

"மூணு மணிக்கு எப்பவும் போல வேலைக்குப் போ. அழுகாதே, சண்டை போடாதே. மெசேஜை எடுத்துக் காட்டு" என்றேன்.

போனாள். குழந்தையின் துணியை மாற்றினாள். சுபஸ்ரீ லேப்டாப்பைத் திறக்கும் முன்னால் போனை நீட்டினாள். சுபஸ்ரீ இரண்டு தொகையையும் பார்த்துவிட்டுக் கம்பெனிக் கணக்கரைக் கூப்பிட்டாள். ஷீட்டில் எட்டு நாள் ஆப்சென்ட் என்று இருந்தது, வழக்கம்போலப் பிடித்தேன் என்றார் அவர். உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"அவரு பண்ணதுல என்ன தப்பு? வராத நாளுக்கு யாரு குடுக்கறா?"

"நாம குடுக்கறமுங்க அத்தை. எழுதிக் குடுத்திருக்கறம்" என்றாள் சுபஸ்ரீ. கணக்கரிடம், "மீதிய இப்பவே போடுங்க. அக்கா பேர அந்த ஷீட்ல இருந்து எடுத்துருங்க. நானே தனியாப் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு மூன்று மணிப் போனுக்குப் போனாள்.

மூன்றே முக்காலுக்கு இரண்டாயிரத்து நூற்று ஐம்பத்து நாலு வந்து சேர்ந்தது. சீனியம்மாள் குழந்தைக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலில் கட்டு மாற்ற அவள் என் வீட்டுக்கு வந்தபோது, சாரதாமணி அம்மாள் பேசுகிறாரா என்று கேட்டேன்.

"மூஞ்சியக் கூடப் பாக்கலக்கா. பேசுனா மட்டும் என்ன, சம்பளத்துல சேரவா போகுது?" என்று காலை நீட்டினாள்.