அவர் பேசி முடிக்கும்வரை

2010-ஆம் ஆண்டு. திருமணமாகிப் பண்ருட்டியில் இருந்தபடியே, தொலைதூரக் கல்வியில் கணினி மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். பாடங்கள் சி.டி.யில் வரும். சந்தேகங்களை, மாணவர்கள் நாங்களே தொடங்கிய ஒரு இ-மெயில் குழுவில் கேட்டுக்கொள்வோம். அங்கே நான் பெரிய வாயாடி. வீட்டில் உட்கார்ந்து டைப் அடிக்க என்ன பயம்?

அந்தக் குழுவில் புவனகிரிப் பெண் ஒருவர் இருந்தார். யார் என்ன கேட்டாலும் அலுக்காமல், தெளிவாக விளக்குவார். நேரிலும் பேச்சில் வெளுத்து வாங்குவார் என்று நினைத்துக்கொள்வேன்.

மே மாதம் சிதம்பரத்தில் நேர்முக வகுப்புகள் நடந்தன. கடைசி நாள், அதுவரை தனித்தனியாக இருந்த பிரிவுகளை ஒன்றாக உட்காரவைத்தார்கள். எல்லோர் முன்னாலும் நின்று செமினார் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வருடமே வீண். வகுப்பு நிறைய முகங்களைப் பார்த்ததும் எனக்கு ஓடிவிட வேண்டும்போல இருந்தது. மதிய இடைவேளையில் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

பின்னாலேயே ஒரு பெண் வந்தார். காலையிலிருந்து ஓரமாக, யாருடனும் பேசாமல் இருந்தவர்.

“நீ... நீங்க பண்ருட்டிதான? அட்டென்டன்ஸ்ல பேரு கேட்டேன். நா... நான் புவனகிரி.”

பதற்றத்தில் நான்தான் அவர் பெயரைக் கவனிக்கவில்லை. அவருக்குப் பேச்சு திக்கும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

“ஊருக்குப் போறேங்க. எழுதச் சொன்னா எவ்ளோ வேணா எழுதுவேன். நின்னு பேச என்னால முடியாது” என்றேன்.

அவர் சமாதானம் சொல்லவில்லை. “அ... அடுத்து எம் பேருதான். நான் பே... பேசி முடிக்கற வரைக்கும் இருங்களேன். தெரிஞ்சவங்க ஒருத்தர் எதுத்தாப்புல இருந்தா நல்லாருக்கும்.”

அப்படிக் கேட்டவரை விட்டுப் போக மனம் வரவில்லை. முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

“எனக்குத் திக்கும். நே... நேரம் ஜாஸ்தி ஆவும். பொறுத்துக்குங்க” என்று ஆரம்பித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. முகம் சட்டென்று மாறியது. ஆனால் நிறுத்தவில்லை. சொல் வராத இடத்தில் நின்றார், மூச்சு எடுத்தார், அதே சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். மெயிலில் படித்த அதே தெளிவு. முடிக்கும்போது, சிரித்தவர்களே எழுந்து சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். பாதியில் எல்லாம் மறந்துபோனது. அவர் அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நின்று, மூச்சு எடுத்து, தொடர்ந்தேன். சுமாராகத்தான் பேசினேன், ஆனால் முடித்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், “கா... காலைலேருந்து எனக்கும் பயமாத்தான் இருந்துச்சி” என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

படிப்பு முடிந்து வேலைக்கும் வந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் எழுந்து நிற்கும்போது இன்றும் பயம் வரத்தான் செய்கிறது. பயத்தை மறைக்காமல், துணைக்கு ஒருத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பேசிய அந்தப் பெண்ணின் தைரியத்தை நினைத்துக்கொண்டுதான் நான் வாயைத் திறக்கிறேன்.