ஆறும் ஒன்பதும் தெரியாத ஏட்டு

கதால்தோ வடக்கு மலையூரான செர்ராமோராவுக்கு மாற்றலாகி வந்து இறங்குவதற்கு முன்பே அவரைப் பற்றிய கிண்டல் அந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. இத்தாலியில் கராபினியேரியாக இருப்பவன் எந்த ஊருக்குப் போனாலும் இதுதான் கதி. பட்டாளத்தில் சேர்த்து, போலீஸ் வேலை கொடுத்து, சொந்த மண்ணில் மட்டும் போடாமல் முன்பின் தெரியாத ஊரில் கொண்டுவிடுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் இவன் முட்டாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சதுக்கத்துக் காப்பிக் கடையில் அந்த முடிவை வாய்விட்டுச் சொல்கிற உரிமை நேரியோவுக்குத்தான். மலைப்பண்ணைகளில் பால் எடுத்துப் பாலாடைக்கட்டி ஆலைக்குக் கொண்டுபோகிற வண்டி ஓட்டுபவர். கதால்தோ காப்பிக்கு உள்ளே நுழைந்தாரென்றால் நேரியோவின் கையிலிருந்த சீட்டு மேசைக்கு வந்துவிடும்.

"ஏட்டையா, இதக் கேளுங்க. ஒருத்தனோட கைக்கடிகாரம் திருடு போயிருச்சாம். உங்காளு தேடிக் கண்டுபிடிச்சுட்டான். ஆனா கொண்டுவரல. ஏன்டான்னு அதிகாரி கேட்டாரு. புகார்ல மணி நாலு பத்துன்னு எழுதியிருக்கு ஐயா, இது ஆறரை காட்டுது, அதனால வேற கடிகாரம்னு விட்டுட்டேன்னானாம்."

கடையே சிரிக்கும். கதால்தோவும் சிரித்து வைப்பார். தெற்கே லுக்கானியாவின் வறண்ட குன்றுகளில் பிறந்தவர். அப்பா ஆடு மேய்த்தார். நிரந்தரச் சம்பளமும் குடியிருக்க வீடும் கிடைக்கும் என்றுதான் படையில் சேர்ந்தார். சிரித்துக்கொள்வது அந்தச் சம்பளத்துக்குள் அடக்கம் என்று மனைவி இம்மாவிடம் சொல்வார்.

1987 பிப்ரவரியில் ஒரு காலை. மூடுபனி இறங்கியிருந்தது. பாலத்துக்கு அடுத்த வளைவில், சைக்கிளில் வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஓரெஸ்தே மீது நேரியோவின் பால் வண்டி மோதிவிட்டது. கிழவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். அறிக்கை எழுதியவர் கதால்தோ. பத்தடிக்கு மேல் பார்வை இல்லை, சைக்கிளில் விளக்கும் இல்லை, ஓட்டுநர் மீது குற்றம் சொல்ல முடியாது. பார்த்ததைத்தான் எழுதினார். வழக்கு மூடப்பட்டது.

அதற்குப் பிறகு நேரியோ வாயைத் திறக்கமாட்டார் என்று கதால்தோ நினைத்தார். நடந்தது நேர்மாறு. கிண்டல் இரண்டு மடங்கானது. ஒன்று முடிவதற்குள் அடுத்ததை ஆரம்பித்தார். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பின்னும் அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மே மாதத்தில் நேரியோவின் மனைவி தில்தே காவல் நிலையத்தின் பின்வாசல் வழியாக வந்தாள். தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"அவரு தூங்குறதே இல்ல. வேட்டைத் துப்பாக்கிய மடியில வெச்சுக்கிட்டு அடுக்களையில உக்காந்திருக்காரு. கேட்டா தொடைக்கிறேங்கறாரு. மே மாசத்துல எவன் வேட்டைத் துப்பாக்கிய தொடைப்பான்?"

"எழுதிக் குடுங்க," என்றார் கதால்தோ. "ஒரு மணி நேரத்துல துப்பாக்கிய எடுத்துட்டு வந்துடறேன்."

"எழுதவா?" அவள் எழுந்துவிட்டாள். "நான் இங்க வந்தேன்னு தெரிஞ்சாலே போதும். ஊரு முழுக்கப் பேசும். அந்த அவமானமே அவர முடிச்சிரும்."

நிலைய அதிகாரி எஃபீசியோ சர்தீனியாக்காரர். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கையெழுத்தில்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாது கதால்தோ. நீ எங்கிட்ட இதச் சொன்னதாவே எனக்கு ஞாபகமில்ல."

மறுநாள் முற்பகலில், சிவப்புக் கோடு போட்ட சீருடைக் கால்சட்டையை இஸ்திரி செய்து போட்டுக்கொண்டு, கக்கத்தில் பதிவேட்டுடன் கதால்தோ நேரியோவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உங்க துப்பாக்கியில ஒரு சிக்கல், நேரியோ. எங்க புத்தகத்துல கடைசி எண் ஒன்பதுன்னு இருக்கு. அசல்ல ஆறோன்னு ஒரு சந்தேகம்."

நேரியோ அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துத் தொங்கியது. "புத்தகத்தத் தலைகீழாப் பிடிச்சிருப்பீங்க ஏட்டையா."

"அப்படியும் பாத்தேன். இன்னும் கொழம்பிருச்சு. மோதெனாவுல இருக்கற பெரிய ஆபீசுக்கு அனுப்பித்தான் பாக்கணும். வீட்டுல இருக்கற ரெண்டு துப்பாக்கியும் வேணும். தோட்டாவும்."

"தோட்டாவுலயுமா நம்பர் போட்டிருக்கு?"

"போட்டிருக்கான்னு பாக்கணும்."

நேரியோ சுவரில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தில்தே அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவரே துப்பாக்கிகளை எடுத்துவந்து நீட்டினார். கதால்தோ அவற்றையும் தோட்டாப் பெட்டியையும் வாங்கிக்கொண்டார். ஜீப்பில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயங்காலமே கதை காப்பிக் கடைக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அவர் பேரே 'ஆறா ஒன்பதா' என்றாகிவிட்டது. ரொட்டிக் கடைக்காரி மீதிச் சில்லறை கொடுக்கும்போது விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். கோடை முழுக்க இப்படிப் போயிற்று. செப்டம்பரில் வேட்டைக்காலம் தொடங்கியதும் நேரியோ நிலையத்துக்கு வந்து மேசையைத் தட்டினார். மோதெனாவிலிருந்து இன்னும் வரவில்லை என்றார் கதால்தோ. அடுத்த வாரம், தவறான படிவத்தில் அனுப்பிவிட்டேன் என்றார். அதுவும் ஊருக்குப் புதுச் சிரிப்பானது.

மகள் ஃபிலொமேனாவுக்குப் பத்து வயது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவள் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் கேட்டாள்.

"அப்பா, உனக்கு நெஜமாவே ஆறும் ஒன்பதும் தெரியாதா?"

இம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவளிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.

"சில நேரம் கொழம்பும்," என்றார் கதால்தோ. மகள் அதற்குப் பிறகு அவருடன் பள்ளிவரை நடந்து வருவதை நிறுத்திவிட்டாள்.

அக்டோபரில் மேலிடத்துக் கேப்டன் சோதனைக்கு வந்தார். அலமாரியில் உத்தரவும் இல்லாமல் பதிவும் இல்லாமல் இரண்டு துப்பாக்கிகள். யார் கொண்டுவந்தது என்று கேட்டார். எஃபீசியோ தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான், ஐயா. எண்ணுல சந்தேகம்," என்றார் கதால்தோ. கேப்டன் துப்பாக்கியைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். "உங்க மாதிரி ஆளுங்களாலதான் நாடே நம்மளப் பாத்துச் சிரிக்குது." ஐந்து நாள் நிலையத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று தண்டனை. வரவேண்டிய பதவி உயர்வும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் துப்பாக்கிகளை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு.

தண்டனை முடிந்தது சனிக்கிழமை. கதால்தோ சாதாரண உடையில் நேரியோவின் வண்டிக் கொட்டகைக்குப் போனார். நேரியோ பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"துப்பாக்கிய நாளைக்குக் குடுத்தாகணும். உத்தரவு. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். குடுக்கலாமா?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "தில்தே வந்தாளா?"

"யாரும் வரல. உங்க மொகத்தப் பாத்தாத் தெரியாதா?"

"அப்ப இத்தன மாசமா நீ..." நேரியோ கேனைத் தரையில் வைத்தார். "ஊரே உன்ன மிதிச்சது. நானும் சேந்து மிதிச்சேன். எதுக்குய்யா வாயப் பொத்திக்கிட்டிருந்த? யாரு உன்னக் கேட்டா?" கோபத்தில் ஓரடி முன்னால் வந்தார். அடித்துவிடுவார் என்றே கதால்தோ நினைத்தார். ஆனால் நேரியோ கவிழ்த்து வைத்த கேன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மணிச் சத்தம் கேட்டுச்சு எனக்கு," என்றார். "அன்னைக்கு. மோதறதுக்கு முன்னால. மாட்டு மணின்னு நெனச்சேன். வேகத்தக் கொறைக்கல. ஒங்கிட்ட ஒரு சத்தமும் காதுல விழலன்னு சொன்னேன், நீ எழுதிக்கிட்ட. ஓரெஸ்தே பொண்டாட்டி தேவாலயத்துல என் கையப் பிடிச்சு, உம்மேல தப்பில்லப்பான்னா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பிடிக்கறா."

கதால்தோ குழாயை மூடினார். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டுவிட்ட பிறகு கேட்காததுபோல இருக்க அவரால் ஆகாது என்பதும் தெரிந்தது.

"இத நான் எழுதியாகணும், நேரியோ."

"எழுது," என்றார் நேரியோ. "அதத்தான் சொல்றேன். எழுது."

இருவரும் நடந்தே நிலையத்துக்குப் போனார்கள். வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம் வந்தது. வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. நீதிபதி ஆறு மாதச் சிறை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தார். ஓட்டுநர் உரிமம் போனது, அதோடு பால் வண்டி வேலையும் போனது. வழக்கைக் காரணம் காட்டித் துப்பாக்கி உரிமத்தை முறைப்படி ரத்து செய்தார்கள்.

ஊர் தனக்குத் தெரிந்த மட்டும் கூட்டிப் பார்த்தது. தெற்கிலிருந்து வந்தவன் முதலில் துப்பாக்கியைப் பிடுங்கினான், அப்புறம் பிழைப்பையும் பிடுங்கிவிட்டான். காப்பிக் கடையில் கதால்தோ நுழைந்தால் இப்போது யாரும் கிண்டல் செய்வதில்லை. பேச்சு அறுந்து நிற்கும். அவர் காப்பியைக் குடித்துவிட்டு வெளியேறும்வரை நாற்காலி நகர்கிற சத்தம்கூட இருக்காது. நேரியோ அந்தப் பக்கமே வருவதில்லை. ஓரெஸ்தேயின் மனைவி தேவாலயத்தில் வேறு வரிசைக்கு மாறிக்கொண்டாள். மறு கோடையில் கதால்தோ மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். இம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னது சாமான் கட்டும்போதுதான். அவள் பெட்டியின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு, "பொண்ணுகிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றாள்.

புது ஊர் கடற்கரையில் இருந்தது. அங்கே போன இரண்டாம் ஆண்டு தில்தேயிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலே வரி. நேரியோ ஆலையில் பாலாடைக்கட்டி உருளைகளைத் திருப்பிவைக்கிற வேலைக்குப் போகிறார், முன்போலப் பேசுவதில்லை, யாரையும் சிரிக்க வைப்பதில்லை என்று எழுதியிருந்தாள்.

"என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள் இம்மா.

கதால்தோ கடைசி வரியை இன்னொரு முறை படித்தார்.

"தூங்குறாராம்," என்றார்.