தலையாட்டிய பாட்டு

எனக்குத் தலைவலி நிற்காததால், நானும் வீட்டுக்காரரும் கோயமுத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். குழாய் போன்ற மெஷினுக்குள் அசையாமல் படுக்க வேண்டும்.

"ஹெட்போன்ல பாட்டுப் போடறேனுங்க, பயம் தெரியாது. என்ன பாட்டு வேணுங்க?" என்றார் டெக்னீஷியன். நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தனக்குப் பிடித்த ஜாஸ் ஆல்பத்தைச் சொல்லிவிட்டார். அதில் டிரம்பெட் ஊதுகிறவரே பாடவும் செய்வார். வரி மறந்தால் கூச்சமில்லாமல் சிரிப்பார். காலையில் எங்கள் வீட்டில் அதுதான் ஓடும். நான் திட்டிக்கொண்டேதான் சட்னி அரைப்பேன்.

உள்ளே போனதும் எரிச்சல் வந்தது. சாமி பாட்டுக் கேட்டிருக்கலாம். மெஷின் டமடமவென்று இடித்தது. தலைக்குள் என்ன இருக்கிறதோ என்றே நினைப்பு ஓடியது. அப்போது ஹெட்போனில் அந்தப் பாட்டுக்காரர் வரியை மறந்து சிரித்தார்.

பாட்டை நிறுத்திவிட்டு டெக்னீஷியன் பேசினார். "அம்மணி, தலையை ஆட்டறீங்க. படம் கலங்கிப்போச்சு, மறுபடியும் எடுக்கோணும். பாட்டு வேண்டாங்களா?"

ஆட்டியது எனக்கே தெரியாது. "பாட்டு இருக்கட்டுங்க," என்றேன்.

ரிப்போர்ட் வாங்கப் போகும் நாள் காலையில் வீட்டில் பாட்டே இல்லை. அவர் சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்தார். மிக்ஸியை நிறுத்திவிட்டு, நானே போய் அந்த ஆல்பத்தைப் போட்டேன். பயம் போகவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.