மூன்றாம் முழுக்கு

யூதர்களுக்கு விலக்கான பன்றி இறைச்சியை முட்டையோடு பொரித்துச் சாப்பிடுகிற என் கணவர் யூதர். வெள்ளிக்கிழமை பொழுதுபட முன் மெழுகுதிரி ஏற்றி, எபிரேய மொழியில் பிசகாமல் செபம் சொல்கிற என் மகள் யூதப்பிள்ளை இல்லையாம். ஏனென்று கேட்டால், அவளைப் பெற்றவள் நான், யாழ்ப்பாணத்துச் சைவக்காரி.

இதைச் சொன்னவர், நான் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில் பாதர்ஸ்ட் வீதியில் இருந்த ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் மதகுரு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மகளுக்குப் பன்னிரண்டு வயது. கணவரின் தமக்கையின் பிள்ளைகளைப்போலத் தானும் சபைக்கு முன்னால் நின்று வேதம் வாசிக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். அதைக் கேட்கத்தான் போனோம்.

"எங்களுக்குத் தாய்வழிதான் கணக்கு. பிள்ளை முறைப்படி படித்து, தண்ணீரில் முழுகி மதம் மாறட்டும், பிறகு வாசிக்கலாம்" என்றார் அவர், சிரித்த முகத்தோடு. எதிலிருந்து எதற்கு மாறுவது? பிறந்த நாள் தொட்டு இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் தின்று வளர்ந்த பிள்ளை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெறும் சடங்குதானே, பெரிதுபடுத்தாதே" என்றார் கணவர். அவருக்கென்ன, அவரை ஒருவரும் தள்ளி வைக்கவில்லையே!

பிக்கரிங்கில் இருந்த என் அண்ணை இன்னொரு பக்கம் தொலைபேசியில் துள்ளினார். "உவங்கள் ஆர் எங்கடை பிள்ளைக்குத் தண்ணி வாக்க? தாய்மாமன் நான் உயிரோடைதானே இருக்கிறன்!"

"பெரியபிள்ளையானால் மாமன் தண்ணி வாக்கிறது வேறை, இது வேறை அண்ணை" என்றேன். எனக்கே அது விளங்கவில்லை.

மதம் மாறுவதற்கான பாடங்களை மகள் ஒரு வருடம் விழுந்து விழுந்து படித்தாள். பிறகு முழுக்குக்கு நாள் குறித்தார்கள். நல்ல காரியத்துக்கு முழுகப் போகிற பிள்ளையை எண்ணெய் வைக்காமல் எந்தத் தாய் அனுப்புவாள்? உச்சியிலிருந்து தலைமயிர் நுனிவரை நல்லெண்ணெய் தப்பி, ரூஜில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

கட்டடத்துக்குள்ளே சின்னக் கேணிபோல ஒரு தொட்டி. அங்கே பொறுப்பாக நின்ற பெண் மகளின் தலையைத் தொட்டாள். கையை முகர்ந்தாள். "ஐயோ, இது கூடாது! தண்ணீருக்கும் உடம்புக்கும் நடுவில் ஒன்றுமே இருக்கக் கூடாது" என்றாள். தோட்டைக் கழற்ற வைத்தாள். நகப்பூச்சை அழித்தாள். ஷாம்பூ போட்டு, சீப்பால் வாரி, மறுபடியும் ஷாம்பூ போட்டாள். என்னைத்தான் கழுவித் தண்ணீரோடு விடுகிறாள் என்று பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மகள் தண்ணீரில் இறங்கினாள். சாத்தியும் சாத்தாமலும் இருந்த கதவுக்கு வெளியே சாட்சிக்கு மூன்று மதகுருக்கள். இரண்டு தரம் முழுகி எழுந்தாள். மூன்றாவதுக்கு முன் வெளியிலிருந்து மூத்தவர் சொன்னார்: "இனி நீ எங்கள் குலத்தின் முதல் தகப்பனுக்கும் முதல் தாய்க்கும் மகள். சபையில் அப்படித்தான் உன்னை அழைப்போம்."

"நோ" என்றாள் என் மகள். கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி, ஆங்கிலத்தில், கணீரென்று. "என் அம்மா இங்கேதான் நிற்கிறா. அவவின் பெயரைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழுக மாட்டேன்."

வெளியே முணுமுணுத்தார்கள். பிறகு அதே குரல் தன்மையாகச் சொன்னது, விதியை மாற்ற முடியாதாம்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். "வீட்டை போவம் அம்மா."

ஒரு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. ஆனால், வேதம் வாசிக்க வேண்டுமென்று கேட்டது அவள். என் ரோசத்துக்கு அவளுடைய ஆசையையா பலி கொடுப்பது?

"முழுகு குஞ்சு" என்றேன். "அவையள் என்னெண்டாலும் சொல்லட்டும். நீ முழுகு."

முழுகினாள். "கோஷர்!" என்று அந்தப் பெண் உரத்துச் சொன்னாள், முறைப்படி முழுகியாயிற்றென்று அர்த்தம். வெளியே மூன்று பேரும் வாழ்த்துப் பாடத் தொடங்கினார்கள். பிள்ளை விறைத்து நடுங்கியபடி படியேறி வந்தாள். அவர்களுடைய முதல் தாய் துவாயோடு வந்து நிற்கவில்லை. தலை துவட்டியது நான்தான்.