சுவரில்லாத கதவு

டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக்.

கதவு, ஜன்னல் விற்கும் வீட்டுச் சாமான் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு தொந்தரவு உண்டு: எந்தக் கதவு முனகினாலும், அதில் எது தளர்ந்திருக்கிறது என்று காது சொல்லிவிடும். இருட்டியதும் எங்கள் வாசல் கதவு தட்டிக்கொள்வது ஏன் என்றும் எனக்குத் தெரியும். நிலைக்கட்டை உளுத்து, தாழ்ப்பாள் கழன்று விழுந்துவிட்டது. மலைக்காற்று வந்து தட்டுகிறது. தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுமா? என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஜீப்பு ஓட்டுகிறார், சனிக்கிழமைதான் மலையிறங்குவார். நானும் கைக்குழந்தை மதியும் அரிசி டிரம்மைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுப்போம். "என் கட்டடத்துல ஒரு ஆணி அடிக்கப்படாது" என்பது பின்கட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்காவின் சட்டம். கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கும் அம்மாக்களே, நீங்களும் நானும் ஒரு சாதி.

செருப்பைக் கழற்றிய வாசல்

போடியில் ஒற்றை ஷட்டரில் தொடங்கிய எங்கள் கடை, தேனி, கம்பம் என்று கிளை விட்ட காலம் அது. கான்வென்டில் படித்தவள் என்பதால் டப்பாக்களின் மேலிருக்கும் இங்கிலீஷை வாசித்துச் சொல்வது என் சோலி. கடை நடுவே ஒரு மாதிரி வீடு வைத்திருந்தோம். சுவர் கிடையாது. ஒரு நிலை, ஒரு கதவு, ஒரு ஜன்னல், சமையல் மேடை, குளியல் தொட்டி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் இறங்கி வரும் எஸ்டேட் பெண்கள், ஏலக்காய் வாசத்தோடு அதன் முன்னால் நிற்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்துத்தான் உள்ளே போவார்கள்.

ஒருத்தி கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கடை முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அக்கா, சுத்தி சுவரே இல்லையே" என்று சிரித்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இருக்கட்டும் கண்ணு. எங்க எஸ்டேட்டு லயத்து வீட்டுல சுவரு இருக்கு, தாப்பா இல்ல."

மாமியார் உள்ளே

பிறகு தலைமை ஆபீஸ் எல்லாக் கிளைக்கும் ஒரே மாதிரி அட்டைக் கதவை லோடு லோடாக அனுப்பியது. வெயில் ஊரில் இருந்தவர்கள் தேர்ந்தெடுத்த கதவு. மலை மேலே போனதும் அது மூடுபனியைக் குடித்துக் குடித்து ஊதிவிட்டது. சாத்தியது திறக்கவில்லை, திறந்தது சாத்தவில்லை. தினமும் போன். குரங்கணிக்கு மேலிருந்து ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினார். கதவு சிக்கிக்கொண்டதாம், மாமியார் உள்ளே இருக்கிறாராம். இப்போதே ஆள் அனுப்புகிறோம் என்று பதறினேன்.

"மெதுவா வாங்க தாயி. ஆனா ஒண்ணு, அது வெளிய வந்ததும் மொதல்ல உங்க கடையத்தான் தேடி வரும்."

தொட்டியில் தூங்கியவள்

கதவுகள் திரும்பி வந்தன, வாங்க ஆட்கள் வரவில்லை. கம்பம் மூடியது, தேனி மூடியது. எங்கள் அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, பேசினால் எதிரொலி வந்தது. விற்காத குளியல் தொட்டியில் புடவை விரித்து மதியைத் தூங்க வைத்திருந்தேன். மேல்ஜன்னல் வெளிச்சத்தில், தண்ணீரில்லாத குளத்தில் ஒரு மீன்குஞ்சு மாதிரி கிடந்தாள்.

கடைசி நாள், மாதிரி வீட்டைக் கழற்ற லாரிக்காரர்கள் வந்தார்கள். நான் பழக்க தோஷத்தில் அந்தக் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒங்க வீட்டுல என்ன தாப்பாம்மா?" என்றார் மேனேஜர் அண்ணன். "அரிசி டிரம்முண்ணே" என்றேன். அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றி, இரண்டையும் என் கையில் வைத்தார்.

"கதவுக் கடைக்காரி வீட்டுக்கே தாப்பா இல்லன்னு வெளிய சொல்லிராத தாயி. மூடுற கடைன்னாலும், இருக்கிற நாலு கஸ்டமரும் ஓடிருவான்."

முழங்கால் உயரத்தில்

தாழ்ப்பாளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு கிடந்தேன். ஸ்க்ரூ போடலாமா என்று கேட்டு, வீட்டுக்கார அக்கா காலி செய்யச் சொல்லிவிட்டால்? தூக்கத்தில், பனிக்குள்ளே அந்த எஸ்டேட்காரி கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தாள். அவள் சாத்திய கதவுக்குச் சுவர்தான் இல்லை, தாழ்ப்பாள் இருந்தது.

இன்று சாயங்காலம் கேட்காமலே தொடங்கினேன். கடையில் செய்வது போல விரல்முட்டியால் நிலையைத் தட்டிக்கொண்டே வந்தேன். மேலே எல்லாம் பொத்துப் பொத்தென்றது. முழங்கால் உயரத்தில்தான் 'டொக்' என்று கட்டை பதில் சொன்னது. அங்கேயே ஸ்க்ரூவைத் திருகினேன். பாதியில் நிழல் விழுந்தது. அக்கா.  அவர் என்னையும் மதியையும் பார்த்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். "திருகி முடி, தள்ளிப் பாக்குறேன்" என்று குரல் வந்தது. முடித்துத் தாழ்ப்பாளைப் போட்டேன். தோள் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் தணிந்து வந்தது.

"இன்னொண்ணு கெடைச்சா எனக்கும் கொண்டாந்து குடுடி. நானும் ராத்திரிக்கு நாற்காலியத்தான முட்டுக் குடுக்கிறேன்."

இத்தனை ஊரில் கிளை விட்டு உதிர்ந்த ஒரு கம்பெனி, கடைசியில் ஒரே ஒரு கதவையாவது ஒழுங்காகச் சாத்தியது என்று நானாவது சாட்சி சொல்ல வேண்டுமே என்றுதான், அரிசி டிரம்மை அடுப்படிக்கே உருட்டிவிட்டு, முழங்காலுக்குக் குனிந்து, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.