இடது ஓரத்தில் அவள் எழுத்து

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். எட்டே கால் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்கு முன்பே நாற்காலியில் இருப்பேன். டைப்ரைட்டிங் பரீட்சையில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பு. அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. பக்கத்து நாற்காலியில் இன்னொரு டைப்பிஸ்ட். என்னைவிட நாலு வயது இளையவள், எங்கள் ஊர்க்காரிதான். நான் அவளை ஏட்டி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். கார்பன் தாளைத் தலைகீழாக வைத்து ஒரு பக்கம் முழுக்க அடித்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பாள். நான்தான் திட்டித் திட்டித் திருத்துவேன்.

எங்கள் ஆபீஸ் சூப்பரண்டு ஓய்வு பெற இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தது. "அவருக்கு அடுத்து அந்தச் சேரு ஒங்களுக்குத்தாம்மா" என்று மேனேஜர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். பெண்ணொருத்தி அந்த ஆபீசில் அப்படி உட்கார்ந்ததே கிடையாது. அன்றிலிருந்து அந்த நாற்காலியை ஆசையாகப் பார்க்க ஆரம்பித்தேன். அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

பிறகு மகள் பிறந்தாள். பத்தாவது மாதத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. "தனியா விடவே கூடாது, எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார் மதுரை டாக்டர். என் கணவருக்குக் கோர்ட்டில் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. அவர் வேலையை விடலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை, நானும் எழுப்பவில்லை. என் ராஜினாமாக் கடிதத்தை நானே பிழையில்லாமல் அடித்துக்கொண்டு போய் மேனேஜரிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு மடித்து மேஜை டிராயருக்குள் போட்டார்.

"எதுக்கும்மா விடுதீங்க? மிஷினை ஒங்க வீட்டுக்கே அனுப்பி வைக்கேன். டிராப்டை ஒங்க பக்கத்துச் சீட்டுப் பிள்ளை சாயங்காலம் வரும்போது கொண்டாந்து தரட்டும். அடிச்சுக் காலைல குடுத்து விடுங்க. சம்பளம் அதேதான்."

மறுநாளே மில் ஜீப்பில் டைப்ரைட்டர் வந்து இறங்கியது. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. "வீட்டுல உக்காந்த மேனிக்குச் சம்பளமா! குடுத்து வச்சவ" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மேனேஜரை இன்றைக்கும் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. மில் கடிதம் எதுவானாலும் அடியில் இடது ஓரத்தில் மேனேஜரின் இனிஷியல், ஒரு சாய்கோடு, அதையடுத்து டைப் அடித்தவரின் இனிஷியல் இருக்க வேண்டும். தப்பு வந்தால் யார் கையில் வந்தது என்று தெரிய வேண்டுமே. ஆபீஸ் காகிதம் வெளியே போய் வருவது முதலாளி கண்ணில் பட்டால் வம்பு, ஆகவே என் இனிஷியல் வேண்டாம் என்று முதல் வாரமே மேனேஜர் சொல்லி அனுப்பினார். சரி என்று அந்த இடத்தை வெறுமனே விட்டேன். சாய்கோட்டுக்குப் பிறகு மொட்டையாக நிற்பது அவருக்கே கண்ணை உறுத்தியதோ என்னவோ, எல்லாக் கடிதங்களும் திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டுவந்தவள் வாசலில் நின்று கையைப் பிசைந்தாள்.

"என்னக்கா செய்ய?"

"இதுக்குப் போயி ஏன்ட்டி முழிக்க? ஒன் எழுத்தைப் போட்டுட்டாப் போச்சு."

சொன்னது நான். அவளாகக் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒன்பது வருடம் என் விரல்களாலேயே அவள் எழுத்தை அடித்தேன். பஞ்சு வியாபாரிகளுக்கு, நூல் வாங்குகிறவர்களுக்கு, பாங்குக்கு, லேபர் ஆபீசுக்கு. ஆடிப்பூரத் தேர் பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளறையில் உட்கார்ந்து அடித்தேன். மடியில் மகளைப் போட்டு ஒரு கையால் தட்டிக் கொடுத்துக்கொண்டே மறு கையால் அடித்த நாட்களும் உண்டு. அந்தக் கடிதங்களில்கூட ஒரு பிழை காட்டிவிட முடியாது.

ஆபீசில் நடப்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டெலக்ஸ் மிஷின் வந்தது, அவள் பழகிக்கொண்டாள். வருடத்துக்கு ஒருமுறை எல்லோருமாக அய்யனார் கோவிலுக்குப் போய் அருவியில் குளித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அங்கே எடுத்த போட்டோ ஒன்றை ஒரு முறை கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பாதிப் பேரை எனக்கு யாரென்றே தெரியவில்லை. கம்ப்யூட்டர் பழக மதுரைக்கு ஆள் அனுப்பியபோதும் அவளைத்தான் அனுப்பினார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றேன்.

"ஒங்களுக்கு வர ஏலாதுன்னு அவியளே முடிவு பண்ணிட்டாவக்கா."

அது உண்மைதான். ஆனாலும் கேட்டிருக்கலாம். முடியாது என்று என் வாயால் சொல்ல விட்டிருக்கலாம்.

தொண்ணூறுகளில் மகளுக்குப் பத்து வயதாயிற்று. மூன்று வருடமாக வலிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம் போய் வந்தாள். பழைய மேனேஜர் காலமாகிப் புதியவர் வந்திருந்தார். சூப்பரண்டு ஓய்வு பெறும் மாதமும் வந்தது. இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கேட்டில் வாட்ச்மேன், "யாரும்மா நீ?" என்றான். மேனேஜர் அறையிலும் அதே கேள்விதான், கொஞ்சம் மரியாதையாக. சொன்னேன்.

"ஓ, வீட்டுல இருந்து லெட்டரைப் பாத்துக் காப்பி எடுத்துக் குடுக்கிறவங்களா?"

"காப்பி இல்ல சார். லெட்டர் அம்புட்டும் நான் அடிச்சதுதான். சூப்பரண்டு போஸ்டுக்கு நாந்தான் சீனியர்."

"அப்படியா? காட்டுங்க பாப்போம்" என்று அலமாரியைக் கைகாட்டினார். கேலியாக இல்லை, உண்மையாகவே பார்க்கத்தான் கேட்டார்.

ஃபைல்களை இறக்கிப் புரட்டினேன். நான் பத்தி விடும் விதம், நான் தேதி போடும் இடம் எல்லாம் எனக்குத் தெரியாதா? புரட்டப் புரட்ட என் கடிதங்கள்தான். எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் அவள் இருந்தாள்.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்து நின்றவள் திறந்து கிடந்த ஃபைல்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"சார், இது பூரா அக்கா அடிச்சது. எம் பேரு சும்மா போட்டது" என்றாள். கொஞ்சமும் தயங்கவில்லை.

மேனேஜர் சிரித்தார். "வயசுல மூத்தவங்கன்னு விட்டுக் குடுக்கீங்க. இந்தக் காலத்துல இப்படி மனசு யாருக்கும்மா வரும்?"

அவள் மறுபடியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் கண்ணில் அவள்தான் உயர்ந்துகொண்டு போனாள். உண்மையைச் சொன்னதற்கான நல்ல பேரும் அவளுக்கே போய்ச் சேர்ந்தது.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "சரி, நீங்களே அடிச்சதா இருக்கட்டும். அந்தச் சேர்ல உக்கார்றவங்க ஆள்களை வச்சு வேலை வாங்கணும். வெளிய உக்காந்திருக்கிறதுல எத்தனை பேரோட பேரு ஒங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன், மூன்று பேரைத் தாண்டவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த நாற்காலி எனக்கில்லை என்று ஆனது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கணவர் கோர்ட்டிலிருந்து வந்து என்ன ஏது என்று விசாரித்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், "நம்ம பிள்ளைக்கு மட்டும் அந்த வலிப்பு வராம இருந்திருந்தா இந்நேரம் நான் எங்கயோ இருந்திருப்பேன்" என்றும் சொல்லிவிட்டேன். அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நோட்டோடு எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"என்னாலயாம்மா?"

இல்லை என்றுதான் சொன்னேன். இழுத்து அணைத்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரமும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு காய்ச்சல் வந்தால்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்து நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.