மூச்சு வாங்காத பாட்டு

பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நான் நம்பியதில்லை. இப்படிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும், அவர்களைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் அழுத்தம் பார்க்கிற வேலை எனக்கு. முள் ஏறினால் ஏறியது, இறங்கினால் இறங்கியது, நடுவில் வேறு எதற்கும் இடமில்லை. நைட் ஷிப்ட் முடித்தவன் தூக்கக் கலக்கத்தில் ஏதோ கேட்டிருக்கிறான் என்று நீங்கள் நினைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வீடு எர்ணாவூரில். ஒரே மகள் திவ்யா, அப்போது பத்தாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். எங்கள் பக்கம் மாடியில் காயப்போட்ட துணியைச் சாம்பல் உதறித்தான் மடிக்க வேண்டும். சில நாள் காற்று திரும்பினால் தொண்டையில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு நெடி வரும், ‘கேஸ் வுட்டுட்டான்’ என்று தெருவே ஜன்னலைச் சாத்தும். அன்றைக்கெல்லாம் திவ்யாவின் நெஞ்சில் விசில் கேட்கும். மெல்லிசாக ஆரம்பித்து ஏறும், உச்சிக்குப் போனதும் இரண்டாகப் பிரியும். கல்யாண மண்டபக் கூட்டத்தில் கேட்டாலும் அது என் மகளுடையது என்று சொல்லிவிடுவேன்.

ஒருமுறை டாக்டரம்மா சொன்னார்: “விசில் கேக்குற வரைக்கும் காத்து உள்ள போயிட்டு வருதுன்னு அர்த்தம் சார். பயப்படாம மருந்து குடுங்க. திணறிட்டு இருக்கும்போதே சத்தம் நின்னுச்சுன்னா, அப்ப தூக்கிட்டு ஓடி வந்துடணும்.” அன்றைக்கு அப்புறம் நான் தூங்கினாலும் என் காது தூங்கியதில்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய புதிது. தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சேகர் ஜப்பான் கார்ட்டூன் என்றால் உயிரை விடுவான். அவன்தான் திவ்யாவுக்கு ஒரு சிடி கொடுத்தான், நானும் பக்கத்தில் இருந்தேன்.

“சார், இது மன்ஷன் பாடுறது இல்ல. எழுத்தயும் ராகத்தயும் உள்ள போட்டா கம்ப்யூட்டரே பாடும். ஜப்பான்ல பசங்க வூட்லயே குந்திகினு பாட்டு கட்டி நெட்ல வுட்டுகினு கீறானுங்க. நான் கேட்டதுல சூப்பரா கீறத மட்டும் பொறுக்கிப் போட்டுகீறேன். மூணாவது பாட்ட கேளும்மா, கேட்டுட்டு அப்பால வந்து சொல்லு.”

“மனுஷன் பாடாத பாட்டை எதுக்குப்பா கேக்கணும்?” என்றேன்.

“ஏன் சார், மிக்ஸி அரைச்ச சட்னிய துன்றீங்கல்ல?”

அந்த மூன்றாவது பாட்டுதான் அதற்குப் பிறகு வீட்டில் எந்நேரமும். மெதுவாக ஆரம்பித்து, பிறகு துரத்துகிற மாதிரி ஓடும். திவ்யா வயதுப் பெண் ஒருத்தி பாடுவதுபோல இனிமையான குரல், சொல் முடிகிற இடத்தில் மட்டும் தகரத்தைத் தொட்ட மாதிரி ஒரு கூச்சம். அர்த்தம் எங்களில் யாருக்கும் தெரியாது. காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற தேசம்மா ஒருநாள் எங்கள் கேட்டருகே சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: “இன்னா சார் இந்தப் பொண்ணு, மூச்சே வாங்காம பாடிகினே போவுது? கேட்டுகினு கீற எனுக்கே நெஞ்சடைக்குது.”

அப்புறம்தான் நானும் கவனித்தேன். உண்மைதான். வரி முடிந்த இடத்திலேயே அடுத்த வரி ஆரம்பித்தது. திவ்யாவிடம் கேட்டேன்.

“அதனாலதாம்பா பிடிச்சிருக்கு. அவளுக்கு மூச்சே வேணாம்.”

வகுப்பில் இன்னொருத்திக்கு நீளமான முடி இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். எனக்குத்தான் என்னவோ போல இருந்தது.

அது திவ்யாவுக்குப் பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்த சமயம். ஆசிரியையான என் மனைவி திருவொற்றியூரில் தன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த நான் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தேன், திவ்யா உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். வேர்வையில் நனைந்து பகலில் விழித்தேன். மூக்கில் அந்த நெடி. உள்ளறையிலிருந்து மூன்றாவது பாட்டு. ‘சத்தத்தைக் குறைம்மா’ என்று வாயெடுத்தபோது பாட்டு வரியின் முடிவில் நின்றது. நின்று மூச்சை இழுத்தது. மெல்லிசாக ஒரு விசில், ஏறி, இரண்டாகப் பிரிந்தது.

நம்புங்கள், முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. சரி, விசில் கேட்கிறது, காற்று போய்வருகிறது, எழுந்து மருந்து கொடுக்கலாம் என்று கண்ணைக்கூட முழுதாகத் திறக்காமல் கிடந்தேன். பாட்டு அடுத்த வரியைப் பாடியது, பாதியில் நின்று மறுபடி இழுத்தது. பாடுகிற குரலேதான் இழுத்தது. அதற்கடுத்து ரெண்டு சொல்லுக்கு ஒருமுறை. அப்போதுதான் தலைக்குமேல் மின்விசிறி நின்றிருப்பதைப் பார்த்தேன். மின்வெட்டு. கரண்டு இல்லாத வீட்டில் கம்ப்யூட்டர் பாடிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினேன். கம்ப்யூட்டர் திரை கறுப்பாக இருந்தது, ஸ்பீக்கரில் எரிகிற சின்ன விளக்கும் அணைந்திருந்தது. பாட்டு அந்த அறையில்தான் இருந்தது, எந்த மூலையில் என்று சொல்லத் தெரியவில்லை. கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே திவ்யா தரையில் கிடந்தாள். உதடு நீலம். கையில் வாயில் அடித்துக்கொள்கிற மருந்து பம்ப், காலி. கழுத்துக் குழி உள்ளே இழுத்து இழுத்து வாங்கியது, ஆனால் அவளிடமிருந்து சத்தமே இல்லை. நெஞ்சில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை, சுவரில் காது வைத்த மாதிரி. அவளுடைய விசில் என் முதுகுக்குப் பின்னால் பாட்டுக்குள் கேட்டது.

அவளைத் தூக்கினேன். ஒரு சொல்லின் பாதியில் பாட்டு அறுந்தது.

மருந்தைப் புகையாகக் கொடுக்கிற மெஷின் வீட்டில் இருந்தது, அதற்கும் கரண்டு வேண்டும். தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். கேட்டருகே கூடையோடு நின்ற தேசம்மா என் முகத்தைப் பார்த்ததும் நடுரோட்டில் போய் ஒரு மீன் வண்டியை மறித்தாள். “டேய் நிறுத்துடா! ஐஸ் பொட்டியத் தள்றா அப்பால! புள்ளைக்கு மூச்சு நின்னுகினு கீது, முழிக்கிற!” ஐஸ் தண்ணீர் ஓடுகிற வண்டியில் என் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்தவள் அவள்தான்.

ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, சாயங்காலத்துக்குள் உதட்டில் நிறம் திரும்பியது. டாக்டரம்மா வெளியே வந்து, “நல்லவேளை. உள்ள சத்தமே இல்லாம அடைச்சிருந்துச்சு. பக்கத்து ரூம்ல தூங்கிட்டு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்றார்.

“சத்தம் கேட்டுது டாக்டர்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். வராண்டாவில் உட்கார்ந்திருந்த தேசம்மாதான் கேட்டாள். “கரண்டுதான் புட்டுகிச்சே, உங்க வூட்ல யார் சார் பாடிகினு இருந்தது? நான் வந்ததுலேர்ந்து கேட்டுகினுதான் நின்னேன். மூச்சு வாங்கிகினே பாடிச்சு பாவம்.”

அதற்குப் பிறகு திவ்யாவுக்கு வீசிங் வரவில்லை. ஒருமுறைகூட. அந்த வயதில் சிலருக்கு அப்படி நின்றுவிடும் என்றார்கள், சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அந்த சிடியைத் திரும்பப் போட்டுப் பார்க்க ஒரு மாதம் ஆயிற்று. மூன்றாவது பாட்டில் மூச்சு இருக்கிறது. வரிகளுக்கு நடுவே இழுக்கிறது, ஏறுகிறது, இரண்டாகப் பிரிகிறது. பக்கத்தில் இருந்த என் மனைவி எழுந்து போய்விட்டாள். சேகரிடம் எடுத்துப்போனேன். அவனிடம் இருந்த அதே பாட்டை முதலில் போட்டான், பழையபடி நிற்காமல் ஓடியது. என் சிடியைப் போட்டுக் கேட்டவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். சிடியை வெளியே எடுத்து என் கையில் திணித்தான். “சார், இத்த எட்துகினு போய்டுங்க,” என்றான்.

உடைத்துவிடச் சொன்னாள் மனைவி. கடலில் போடவும் சொன்னாள். எனக்குக் கை வரவில்லை. அதற்குள் இருப்பது யாருடைய மூச்சு என்று எனக்குத் தெரியும், உடைத்தால் என்ன ஆகும் என்று தெரியாது. துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன், கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன்.

திவ்யா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், மாடிப்படி ஏறி ஓடுகிறாள். தூங்கும்போது மட்டும் போய் நின்று கேட்பேன். ஒரு சத்தமும் இருக்காது. மூக்கருகே விரலை வைத்தால் சூடு தெரியும், அதோடு திரும்பிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். மெதுவாக ஆரம்பித்து, பிறகு ஓடுகிற பாட்டு. நான் பேப்பரைப் பிடித்தபடி அவளோடு சேர்ந்து என் மூச்சையும் அடக்கிப் பார்த்தேன். முதல் சரணம் தாண்டுவதற்குள் எனக்குக் கண் இருட்டியது, விட்டுவிட்டேன். அவள் நிற்கவில்லை. பின்னலைப் போட்டு, ரிப்பன் கட்டி, கடைசி வரி வரைக்கும் பாடி முடித்துவிட்டுத்தான் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

“இன்னாப்பா, உனக்கு ஏன் இப்டி மூச்சு வாங்குது?”